ரோக்குப்பாளையத்து ஊமை மணி

மகாராணி பட்டமேறி ஐம்பது வருஷம் ஆனதைக் கொண்டாடப் பட்டணம் முழுக்க வெள்ளையடித்துக்கொண்டிருந்த அந்த மார்கழியில், எங்கள் ரோக்குப்பாளையத்துக் கோயில் மணி சாவுக்கு அடித்தால் ஓசை கொடுப்பதை நிறுத்திவிட்டு நாற்றம் கொடுக்க ஆரம்பித்தது. பட்டணத்தில் எல்லாருக்கும் தெரிந்த பிறகுதான் அது எங்களுக்குத் தெரிந்தது. சிரிக்காதீர்கள், முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் சிரிக்கலாம்.

ரோக்குப்பாளையம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் மேட்டுத்தெருக்காரர்கள் கையை நீட்டிக் காட்டமாட்டார்கள், மூக்கைச் சுளித்துத்தான் காட்டுவார்கள். ஆனால் அவர்கள் சுளிக்கிற அந்த நாற்றத்தில் முக்கால்வாசி அவர்களுடையது. துரைமார் குளித்த தண்ணீரும், வர்த்தகர் வீட்டு எச்சில் தண்ணீரும், குதிரை லாயம் கழுவிய தண்ணீரும், கசாப்புக்கடைத் தண்ணீரும், வாயால் சொல்லக்கூடாத மற்றத் தண்ணீரும் ஒன்றாகக் கூடிப் பள்ளத்தைத் தேடி ஒன்றரை மைல் நடந்து எங்களிடம்தான் வந்து சேரும். வந்த இடத்தில் தோல்கிடங்குத் தண்ணீரையும் கூட்டு சேர்த்துக்கொண்டு, கடலுக்குப் போக வழி இல்லாமல், கோயில் மதிலோரமாக எங்களுடைய ஒரே கிணற்றுக்கு நாலு முழம் தள்ளித் தேங்கி நிற்கும். நடுவிலே இருக்கிற மண் எத்தனை வருஷம்தான் தாங்கும்? மேட்டுத்தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்து பதினாலு வருஷம் ஆகியிருந்தது. உங்களுக்கு அடுத்த வருஷம் என்று எங்களுக்குப் பதினாலு வருஷமும் தவறாமல் சொல்லிவந்தார்கள்.

எங்கள் கோயில் அர்ச்சியசிஷ்ட ரோக்கு சாமியுடையது. தொடையில் இருக்கிற புண்ணைக் காட்டிக்கொண்டு, ரொட்டி கவ்விய நாய் பக்கத்தில் நிற்க, கொள்ளைநோய்க்குக் காவல் நிற்கிற சாமி. பாவம், எங்கள் தெருவில் அவருக்கு ஒரு நாள் கூட ஓய்வு கிடைத்ததில்லை. எங்கள் பங்கில் ஒரு முறை உண்டு: யார் செத்தாலும் துக்கமணி அடிக்கவேண்டும், ஆணுக்கு ஒன்பது, பெண்ணுக்கு ஏழு, குழந்தைக்கு மூன்று, அதைக் காதில் வாங்கினவர்கள் எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு செத்தவருக்காக ஒரு பரமண்டல மந்திரம் சொல்லவேண்டும். அது எங்கள் பாட்டன் காலத்துக்கு முந்தின முறை. ஏழைக்குச் சாவில் கிடைக்கிற ஒரே மரியாதை அதுதான், பட்டணமே கேட்கிறாற்போல அவன் போனதைச் சொல்லுவது.

அந்த வருஷம் வாந்திபேதி முன்கூட்டியே வந்துவிட்டது. மணி அடித்து அடித்துக் கயிறு இரண்டு தடவை அறுந்தது. மகாராணியின் ஐம்பதாம் வருஷ ஜூபிலிக்கு வரப்போகிற விருந்தாளிகளின் காதில் ஓயாமல் சாவுமணி விழுந்தால் நன்றாயிராது என்று பட்டணத்து முனிசிபல் சபையில் பேசி, மறு உத்தரவு வரைக்கும் ரோக்குப்பாளையத்தில் துக்கமணியின் ஓசை எழும்பக்கூடாது என்று எழுதி, முத்திரை குத்தி அனுப்பினார்கள். சாவே விழக்கூடாது என்று எழுதியிருக்கலாம், காகிதம் அதே காகிதம்தானே. அந்தக் காகிதம் வந்த அன்றைக்கு, மணியடித்து, விளக்கேற்றி, கோயிலைப் பெருக்கிக் காவல் காத்த எங்கள் கோயில்பிள்ளை எஸ்தாக்கி பாயில் கிடந்தார். நாற்பத்தொரு பேருக்கு மணியடித்த கை அது. பொழுது சாய்வதற்குள் அவரும் போய்விட்டார்.

அவர் பெண்சாதி மதலேனாள் தோல்கிடங்கில் ஆவாரம்பட்டை இடிப்பவள், உலக்கை பிடித்த கை. இரண்டு மகன்களை முந்தின பேதிகளில் கொடுத்தவள். அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. பங்குச் சாமியார் உத்தரவுக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேண்டாம் மகளே, வேண்டாம் மகளே என்று பின்னால் வர, அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மணிக்கூண்டுக்குப் போய், நாற்பத்தொரு பேருக்கு அடித்தவருக்கு ஒன்பது அடி இல்லையா என்று கேட்டுக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். மணியின் நாக்கு போய் வெண்கலத்தில் மோதியதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். சத்தம் வரவில்லை. ஒன்பது தடவை இழுத்தாள், ஒன்பது தடவையும் வரவில்லை.

மறுநாள் காலைப் பூசைக்கு அதே மணி கணீரென்று பேசியது. அன்று மத்தியானம் ஒரு குழந்தை செத்ததற்கு மூன்று அடித்தபோது மறுபடி வாயை மூடிக்கொண்டது. எங்களுக்கு வந்ததே கோபம். சர்க்கார் காகிதத்துக்கு மனிதன் பயப்படலாம், கான்ஸ்டபிள் பயப்படலாம், வெண்கலம் பயப்படலாமா? எங்கள் பாட்டன்மார் ஆளுக்கு ஒரு குத்துவிளக்கும் சொம்பும் உருக்கக் கொடுத்து வார்த்த மணி, இப்படியா சோரம் போகும் என்று அதன் முகத்துக்கு நேராகவே திட்டினோம். திட்டியும் கேட்காததால் வைத்தியம் பார்த்தோம். நாக்கைக் கழற்றிப் புளி போட்டுத் துலக்கினோம், எண்ணெய் போட்டோம், நாக்கோடு ஒரு இரும்புக் குண்டையும் சேர்த்துக் கட்டினோம். ஒன்பது அடிக்கிற இடத்தில், ஒன்றாவது கேட்காதா என்று தொண்ணூறு அடித்தோம். தோல்கிடங்குத் தொம்மை, ஆறடி ஆள், எருமைத்தோலைத் தனியாகத் தூக்குகிறவன், கயிற்றில் தொங்கியே விட்டான்.

நாங்கள் இங்கே தொங்கத் தொங்க, அங்கே மேட்டுத்தெருவில் என்ன நடந்தது தெரியுமா? மணியோசை முன்னே எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரமும், ஒரு முழம் கூடாமல் ஒரு முழம் குறையாமல், எங்கள் சாக்கடை நாற்றம் போயிருக்கிறது. கோர்ட்டில் வக்கீல் வாதத்தை நிறுத்திவிட்டு வெளியே ஓடினார். குதிரைகள் வண்டியைப் பின்னுக்குத் தள்ளின. விருந்து மேசையில் வைத்த கோழியை யாரும் தொடவில்லை. சபையார் தங்கள் வீதியை நாலு இடத்தில் தோண்டிப் பார்த்து, எலி செத்திருக்கிறது என்றார்கள், குழாய் உடைந்திருக்கிறது என்றார்கள், எதுவும் இல்லாமல் மூடினார்கள். பட்டணத்தில் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் கிடைக்காமல் போயின. எங்கள் குழந்தையம்மாள் ஒரு துரை பங்களாவில் ஆயா வேலை பார்த்தவள். துரைசானி அடிக்கடி மயங்கி விழுகிறாள், ஏதோ நாத்தமாம், எனக்கு ஒரு மண்ணும் தெரியலை, அவளுக்கு மசக்கையா இருக்கும் என்று வந்து சொன்னாள். நாங்களும் அதை நம்பினோம். பிறந்ததிலிருந்து அந்தக் காற்றிலேயே கிடந்த மூக்குகள் எங்களுடையவை, அவற்றுக்கு அதுதான் காற்று.

கடைசியில் கண்டுபிடித்தவள் மதலேனாளின் மகள் அருளாயி. அவளை மேட்டுத்தெருவுக்குப் பின்புறம், அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கிற லாசருக்குக் கட்டிக்கொடுத்திருந்தது. தலைப்பிரசவம், ஏழாம் மாசம். இங்கே வாசலில் குழாய் இருக்கிறது, பிள்ளை இங்கேயே பிறக்கட்டும் என்று சம்பந்தியம்மாள் நல்ல வார்த்தையாகத்தான் சொன்னாள். மதலேனாளுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. தலைச்சனைத் தாய்வீட்டில் பெறுவதுதான் முறை, எங்கள் வீடு என்ன வீடில்லையா என்று பூச்சூட்டிக் கூட்டிவந்துவிட்டாள். கூட்டிவந்த அன்றைக்குச் சம்பந்திகள் முன்னால் ரோக்கு சாமி மேல் ஆணையாகச் சொன்னாள்:

"என் ரெண்டு புள்ளைக்கும் ஞானஸ்நானம் குடுத்ததும் அந்தக் கெணறுதான், பேதி குடுத்ததும் அந்தக் கெணறுதான். எம் பேரப்புள்ள தலையில அந்தத் தண்ணி விழாது. கொழாத் தண்ணிதான் விழும்."

வீம்பில் சொன்ன வார்த்தை. எஸ்தாக்கி செத்த பிறகு அந்த வார்த்தை அவள் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துகொண்டது. சோறு இறங்கவில்லை. மகளை இந்தத் தண்ணீருக்குள் கூட்டிவந்தது தன் வீம்புதானே என்று அவள் அடுப்படியில் தலையில் அடித்துக்கொண்டதை நாங்கள் பார்த்திருக்கிறோம். லாசர் தினமும் வேலை விட்டதும் ஒரு ஜாடி குழாய்த் தண்ணீர் கொண்டுவந்து வைப்பான். அருளாயி அதை மட்டும் குடித்தாள்.

இரண்டு வருஷம் குழாயடியில் வாழ்ந்த மூக்கு, அதிலும் பிள்ளைத்தாய்ச்சி மூக்கு. ஒரு நாள் மணியடித்து முடிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினவள் திரும்பி வந்து, "அம்மா, இங்க எப்பவும் நாறுது, ஆனா நீ கயித்த இழுக்கும்போது மட்டும் நூறு மடங்கா வருது. மணிக்கூண்டுலேருந்துதான் வருது" என்றாள். அப்போது பார்த்து லாசர் ஜாடியோடு வந்தான். மேட்டுத்தெருவில் எத்தனை மணிக்கு எத்தனை தடவை நாறியது என்று அச்சுக்கூடத்துக்காரர்கள் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருந்ததை அவன் சொன்னான். மதலேனாள் தான் அடித்ததை விரல்விட்டுச் சொன்னாள். இரண்டும் பொருந்தின.

அன்றைக்குக் கோயில் வாசலில் கூடினோம். அதிசயம் என்று ஒருவர் கூட வாயைப் பிளக்கவில்லை. ரோக்கு சாமிக்கு நாயை அனுப்பி ரொட்டி கொடுக்கச் சொன்ன ஆண்டவர், மணியை அனுப்பி நாற்றம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார், இதில் என்ன இருக்கிறது என்றுதான் பேச்சு. மணியிடம் முதலில் மன்னிப்புக் கேட்டோம், திட்டினதெல்லாம் திட்டாகிவிடக்கூடாதே. பிறகு தொம்மை, இனி பொழுது விடிந்து பொழுது போகிறவரைக்கும் அடிப்பேன், மேட்டுத்தெரு ஒரு வாரத்தில் காலியாகிவிடும் என்று எழுந்தான். முக்கால்வாசிப் பேர் அவன் பக்கம். மதலேனாள் ஒத்துக்கொள்ளவில்லை. சாவு விழுந்தால் மட்டும் அடிப்போம், ஒன்பது, ஏழு, மூன்று, அதற்கு மேல் ஒரு அடி கூடாது, சாகாதவனுக்கு அடித்தால் செத்தவனுக்கு அடித்தது பொய்யாகிவிடும் என்றாள். புருஷனைக் கொடுத்தவள் சொல்லுகிறாள், எதிர்த்து யார் பேசுவது? இரும்புக் குண்டைக் கழற்றினோம்.

முறைப்படி அடிக்க ஆரம்பித்ததும் மணியும் முறைப்படி பேச ஆரம்பித்தது. ஆணுக்கு அடித்தால் தோல்கிடங்குச் சுண்ணாம்பும் ஊறின தோலும் கலந்த வாடை, ஒன்பது மூச்சு. பெண்ணுக்கு அடித்தால் கிணற்றடிச் சேறும் அடுப்புப்புகையும், ஏழு மூச்சு. குழந்தைக்கு அடித்தால் அதே சாக்கடைதான், ஆனால் அதற்குள்ளே புளித்த பால் வாடை, மூன்றே மூச்சு. மேட்டுத்தெருவில் எண்ணப் பழகிக்கொண்டார்கள். கீழே ஒரு பொம்பளை போய்விட்டாள் என்று பட்டர்கள் சொன்னார்கள், பட்லர்கள் சொன்னார்கள். மூன்று மூச்சில் நின்றுவிட்டால் விருந்து மேசையில் பேச்சு நின்றுவிடும் என்றும், குழந்தையம்மாளின் துரைசானி அன்றைக்குத் தன் பிள்ளையை மடியைவிட்டு இறக்கமாட்டாள் என்றும் கேள்விப்பட்டோம். இத்தனை வருஷமாக எங்கள் சாவு அவர்களுக்குச் சத்தமாக இருந்தது. சத்தத்துக்கு ஜன்னலைச் சாத்தலாம், இதற்கு எதைச் சாத்துவது?

கான்ஸ்டபிள் ஒருவர் உத்தரவோடு வந்தார். நல்ல மனுஷன். காகிதத்தில் ஓசை எழும்பக்கூடாது என்று போட்டிருக்கிறது, அடியுங்கள் பார்ப்போம் என்றார். சாவில்லாமல் அடிக்கமாட்டோம், உட்காருங்கள் என்றோம். இரண்டு மணி நேரத்தில் சாவு வந்தது. அடித்தோம். காதை மணிக்கு நேரே வைத்துக் கேட்டுவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஓசை எழும்பவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

தை மாதக் கடைசியில் சபையின் தலைவர் துரை தாமே வந்தார், முகத்தில் அத்தர் நனைத்த லேஞ்சியைக் கட்டிக்கொண்டு, பேச்சை மாற்றிச் சொல்லத் துபாஷியைக் கூட்டிக்கொண்டு. எங்கள் மணி பழசாகிப் போய்விட்டதாம். சீமையிலிருந்து புது மணி வரவழைத்துத் தருவாராம், மகாராணி பெயர் பொறித்தது, ஓசை தேனாக இருக்குமாம். பழையதை இப்போதே இறக்கிக் கொடுத்துவிடவேண்டுமாம். பங்குச் சாமியாருக்கு முகம் மலர்ந்துபோயிற்று. மதலேனாள், குழாய் எப்போது வரும், சாக்கடை எப்போது மூடும் என்று கேட்டாள். இந்த வருஷம் ஜூபிலிக்கு மேட்டுத்தெரு முனையில் பளிங்கு நீரூற்று வைத்ததில் கையிருப்பு தீர்ந்துவிட்டது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று துபாஷி சொன்னான்.

"சரி சாமி. சாவ அடுத்த வருஷத்துக்கு ஒத்திவைக்கச் சொல்லுங்க. மணிய நாங்களும் ஒத்திவைக்கிறோம்" என்றாள் மதலேனாள்.

துபாஷி இதை எப்படிச் சொன்னானோ, பாதியை முழுங்கினானோ, துரைக்குக் காது சிவந்துவிட்டது. மணியை இறக்க ஆள் அனுப்பினார். எங்கள் ஊர்ப் பெண்கள் இருநூறு பேர் மணிக்கூண்டைச் சுற்றிப் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டார்கள், வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். அப்புறம்தான் அந்த மனுஷன் தன் புத்தியைக் காட்டினார். மேட்டுத்தெருக் குழாயடிகளில் காவல் போட்டு, ரோக்குப்பாளையத்துக்கு ஒரு சொட்டுப் போகக்கூடாது என்று தடுத்தார். லாசரின் ஜாடியைக் கான்ஸ்டபிள்கள் தெருவிலே உடைத்தார்கள். அவன் வெறுங்கையோடு வந்து, "அத்தை, என்னால முடியலை" என்று அழுதான். அதற்குப் பிறகு அருளாயி கிணற்றுத் தண்ணீரை மூன்று கொதி கொதிக்கவைத்து, முனகிக்கொண்டே குடித்தாள். வயிற்றுப்பிள்ளையின் துடிப்பு குறைந்துபோனது.

மாசி பிறந்து ஐந்தாம் நாள், ஜூபிலி. கோட்டையில் பீரங்கி வெடித்த அதே காலையில் அருளாயிக்குக் குழந்தை பிறந்தது. ஆண். கைக்குள் அடங்குகிற உடம்பு, உதடு நீலம், அழவில்லை. மருத்துவச்சி பாக்கியம் குதிகாலில் தட்டிப் பார்த்தாள், முதுகைத் தேய்த்துப் பார்த்தாள், மூச்சு நூலாக வந்தது, அவ்வளவுதான். இது நிற்காது, சீக்கிரம் தண்ணியை ஊத்து என்றாள். சாகிற குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், அது எங்களில் சின்னப் பெண்ணுக்கும் தெரியும். தண்ணீரும் மூன்று வார்த்தையும் போதும். தண்ணீர் அங்கேயே இருந்தது, கிணற்றுத் தண்ணீர், செம்பு நிறைய.

மதலேனாள் செம்பைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். பயந்துவிட்டாள், அதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமில்லை. எங்களுக்கும் பயம்தான். பிறகு செம்பைக் காலால் தள்ளிவிட்டு, குழந்தையைத் தன் சேலைத்தலைப்பில் சுற்றி மார்போடு சேர்த்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள், மேட்டுத்தெருவைப் பார்க்க.

பங்குச் சாமியார் மூச்சிரைக்கப் பின்னால் ஓடினார். "புள்ள ஞானஸ்நானம் இல்லாம வழியில போயிட்டா பாவம் உன் தலையில மகளே" என்றார்.

"என் தலையிலதான் சாமி. வேற யாரு தலையில விழும்?" என்றாள், நிற்காமல்.

யார் முதலில் சொன்னது என்று இன்றுவரை சண்டை இருக்கிறது, தொம்மை, நான்தான் என்கிறான், குழந்தையம்மாள், நான்தான் என்கிறாள். யாரோ சொன்னார்கள், நாங்கள் செய்தோம். தொம்மை மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். கோயிலிலிருந்து மேட்டுத்தெரு முனைவரைக்கும், ஒருவர் கை மற்றவர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், ரோக்குப்பாளையம் முழுக்க வரிசையாகப் போய் நின்றது, எல்லாரும் வலது கையைத் தூக்கிக்கொண்டு, பேதியில் எழுந்தவர்களும், பிள்ளையைக் கொடுத்தவர்களும், தோல்கிடங்கில் சுண்ணாம்பு கழுவாத கையோடு வந்தவர்களும். மதலேனாள் குழந்தையின் முகத்தை மூடினால் முதல் கை இறங்கும், அதைப் பார்த்து அடுத்த கை, அடுத்த கை, கடைசிக் கை இறங்கினதும் மூன்று அடி.

நீரூற்றின் முன்னால் பந்தல், தோரணம், பாண்டு வாத்தியம், வெளியூர் துரைமார், நவாப்புகள், ராஜாக்கள், எல்லாரும் கூடியிருந்தார்கள். தலைவர் துரை நீரூற்றைத் திறக்கிற பித்தளைத் திருகாணியில் கைவைத்துப் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தார். கூட்டம் மதலேனாளுக்குத் தானாக வழிவிட்டது. எங்கள் ஊர் வாடை அவள் மேல் இருந்தது, அதை அவர்கள் இரண்டு மாதமாக அறிவார்கள். சேலைத்தலைப்புக்குள் இருந்தது எத்தனை மூச்சு என்றும் அறிவார்கள். பாண்டுக்காரர்கள் யாரும் சொல்லாமலே நிறுத்திவிட்டார்கள். துரை தெருவைப் பார்த்தார். தூக்கின கைகள், ஒன்றன்பின் ஒன்றாக, பள்ளம் வரைக்கும். இவர்கள் ஏன் இப்படி நிற்கிறார்கள் என்று கேட்டார். குழந்தையம்மாள்தான் பதில் சொன்னாள், பங்களாவில் பேசுகிற அதே அடக்கமான குரலில்:

"மணிக்காகத்தான் தொர. கொழந்த போயிட்டா கை எறங்கும்."

அந்தப் பந்தலில் அத்தனை பேரும் மூக்குக்கு நேரே கையைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மதலேனாள் கும்பிடவில்லை, கெஞ்சவில்லை, குழந்தையின் தலையைத் தொட்டிக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாள். துரை திருகாணியைத் திருப்பினார். இரக்கப்பட்டுத் திருப்பினார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பயந்து திருப்பினார். பயத்தில் வந்த தண்ணீரும் தண்ணீர்தான். அவள் வலது கையில் ஏந்தி அந்த நெல்லிக்காய்த் தலையில் மூன்று தடவை விட்டு, "ரோக்கு எஸ்தாக்கி, நான் உன்னைப் பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்து சாந்துவுடையவும் நாமத்தினாலே ஞானஸ்நானங் கொடுக்கிறேன்" என்றாள். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் அந்தப் பயல் உடம்பை முறுக்கி ஒரு கத்துக் கத்தினான் பாருங்கள், குதிரைகள் மிரண்டன. மேட்டுத்தெருக்காரர்கள் விட்ட பெருமூச்சு எங்கள் கடைசி ஆள்வரைக்கும் கேட்டது.

அவள் அதோடு போயிருந்தால் துரை தப்பித்திருப்பார். அவள் பளிங்குப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கை தூக்கி நின்றவர்கள் கையை இறக்காமலே வீட்டுக்குப் போய்க் குடத்தோடு திரும்பிவந்தார்கள். கான்ஸ்டபிள்கள் தலைவர் முகத்தைப் பார்த்தார்கள், தலைவர் மணிக்கூண்டைப் பார்த்தார், யாரும் எங்களைத் தொடவில்லை. அன்றிலிருந்து அறுபத்திரண்டு நாள் ரோக்குப்பாளையம் முழுக்க மகாராணியின் நீரூற்றில்தான் தண்ணீர் பிடித்தது, வேட்டி துவைத்தது, பிள்ளைகளைக் குளிப்பாட்டியது. சித்திரையில் எங்கள் தெருவுக்குக் குழாய் வந்தது. எங்கே கையிருப்பு கிடைத்தது என்று நாங்கள் கேட்கவில்லை. கிணற்றை நாங்களே மண் போட்டு மூடினோம். பேதி நின்றது.

ஆவணியில் சம்மனசுக் கிழவர் செத்தார். எண்பத்து மூன்று வயது, நோய் இல்லை, சாப்பிட்டுக் கைகழுவிவிட்டுச் சாய்ந்தார், அவ்வளவுதான். குழாய் வந்த பிறகு எங்களில் விழுந்த முதல் சாவு. பேரன் எஸ்தாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு மதலேனாள் ஒரு கையால் கயிற்றை இழுத்தாள். கணீரென்றது. ஒன்பதும் கணீரென்று, ஒன்றரை மைலுக்கும் கேட்டது. மேட்டுத்தெருவில் ஜன்னல்களைத் திறந்துவைத்துக்கொண்டு அழுதார்களாம், சிரித்தார்களாம், சிலர் பரமண்டலம் கூடச் சொன்னார்களாம்.

இங்கே நாங்கள் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஆறு மாதம் நல்ல தண்ணீர் குடித்து, நல்ல தண்ணீரில் குளித்து, அந்த ஒன்பதாவது அடியில் எங்கள் மூக்கு விழித்துக்கொண்டது. கோயில் மதிலோரமாக மேட்டுத்தெருச் சாக்கடை இன்னும் அதே இடத்தில்தான் நின்றது. தொம்மை ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கக் கூசியது. மதலேனாள் மணிக்கூண்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாள். புருஷன் செத்தபோது அழாதவள் அன்றைக்கு ஏங்கி ஏங்கி அழுதாள்.

"இதுலயா எம் புள்ளைங்கள வளத்தேன்? இதுலயா?" என்றாள்.

அழுது முடித்து முகத்தைக் குழாயில் கழுவிக்கொண்டு எழுந்தாள். எல்லாருமாகச் சபைக்குப் போனோம். அந்தச் சாக்கடையை வெட்டிக் கடலுக்குக் கொண்டுபோய் மூடித்தரவேண்டும் என்று கேட்டோம். தலைவர் துரை எழுந்து நின்றுதான் பேசினார், நாற்காலி கூடப் போடச் சொன்னார். அடுத்த வருஷம் கட்டாயம் என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். வருகிற வழியில் மதலேனாள் நல்ல தேங்காய்நாராகப் பார்த்து வாங்கினாள். மணிக்குப் புதுக் கயிறு போட்டாயிற்று.